கிருமி செத்தால் மட்டும் போதாது

நெல்லுத் தாளின் நுனி கண்ணில் கீறினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அது தானாகவே ஆறிவிடும். கண் சிவக்கும், கண்ணீர் ஓடும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. பிறகு ஒருநாள் காலையில் எழும்பும்போது எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் சில கீறல்கள் ஆறுவதில்லை. அந்தச் சில கீறல்களைப் பற்றித்தான் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் விழிவெண்படலத்தில் வரும் தொற்று, அந்தப் படலம் ஆறுகிற விதம், கிருமியைக் கொல்லக்கூடிய கொன்டாக்ட் லென்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் என் தலைப்பு.

நான் கண் வைத்தியர் இல்லை, நுண்ணுயிரியல் படித்தவள். வீடு உரும்பிராயில். செம்மண், வெங்காயம், புகையிலை, கிணற்றடி என்று வளர்ந்தேன். சித்தப்பாவுக்குப் பரந்தன் பக்கம் வயல் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் கண்ணில் எதுவும் பட்டிராத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வைக்கோல், பனையோலை, வடலிக் கருக்கு, உமி, சோளகக் காற்றில் பறக்கிற மண் என்று ஏதோ ஒன்று எல்லோருக்கும் பட்டிருக்கிறது. எனவே இந்தத் தலைப்பை நான் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. சுற்றிவர இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டேன்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் எங்கள் ஆட்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் கண் புண்ணைப் பற்றி எங்கள் விவசாயிகள் வாசிக்கத் தமிழில் கிடைப்பது மிகக் குறைவு. அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, விடயத்துக்கு வருகிறேன்.

விழிவெண்படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீற்றரைவிடச் சற்றுத்தான் தடிப்பானது. அதன் மேல் தோலில் ஐந்து முதல் ஏழு வரையான கல அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர். இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. ஒட்சிசனைப் பெரும்பாலும் கண்ணீரின் ஊடாகக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. நரம்பு நுனிகளோ உடலில் வேறெங்கும் இல்லாத அளவு நெருக்கமாக இருக்கின்றன. ஒரு தூசி பட்டாலே உயிர் போவது அதனால்தான். மேல் தோலுக்குக் கீழே, மொத்தத் தடிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, கொலாஜன் நார்கள். ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் அவை அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அந்த ஒழுங்கு குலைந்தால் அந்த இடம் வெள்ளையாகும், பார்வை மங்கும்.

மேல் தோலில் கீறல் விழுந்ததும் பக்கத்திலுள்ள கலங்கள் சில மணி நேரம் ஆயத்தமாகின்றன. பிறகு தட்டையாகி, காயத்தின் மேல் நகரத் தொடங்குகின்றன. பெருகுவது பிற்பாடுதான், முதலில் நகர்வுதான். முயலின் கண்ணில் இதை அளந்தவர்கள் மணிக்கு ஏறத்தாழ 60 மைக்ரோமீற்றர் என்று கண்டார்கள். நாலு மில்லிமீற்றர் அகலமான காயம் என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் கலங்கள் வந்து நடுவில் சேர ஒன்றரை நாள் ஆகும். இன்னொரு பக்கத்தில் சூடோமோனாஸ் இருக்கிறது. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிற இந்தப் பற்றீரியாவுக்கு வசதியான இடம் கிடைத்தால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். புரதத்தைக் கரைக்கும் நொதிகளையும் வெளியிடும். ஒன்றிரண்டு நாளில் விழிவெண்படலத்தையே உருக்கிவிடக்கூடியது. ஒன்றரை நாளுக்குள் யார் முந்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த நேரக் கணக்கின் அருமையை எனக்குப் புரியவைத்தது நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வு. பக்தபூர் மாவட்டத்தில் செய்தது, 2001இல் வெளிவந்தது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு 1% குளோரம்பெனிக்கோல் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று தடவை, மூன்று நாட்களுக்குப் போட வைத்தார்கள். காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நாலு பேருக்கு வந்தது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. இந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். களிம்பு ஒன்றுதான், கிருமிகளும் அதே ஊரின் கிருமிகள்தான். நேரம் மட்டும்தான் வேறு.

எங்கள் பிராந்தியத்தில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கும் எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 11 பேருக்கு விழிவெண்படலப் புண் வந்ததாகக் கணக்கிட்டார்கள். மதுரை மாவட்டத்தில் அது 113. பக்தபூரில் 799. வெயிலும் ஈரமும் விவசாயமும் சேர்ந்த இடத்தில் இந்த நோய் சாதாரணமானது. உலகளவில் கண் காயத்தாலும் விழிவெண்படலப் புண்ணாலும் ஆண்டுக்கு 15 முதல் 20 லட்சம் வரையானோர் ஒரு கண்ணின் பார்வையை இழக்கிறார்கள் என்று 2001இல் மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு கண் தானே என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கண்ணோடு இயந்திரத்தில் விறகு அரிகிற, தென்னை ஏறுகிற ஆளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

நான் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. என்றாலும் மாதிரி எடுக்கும் நேரத்தில் சில நாட்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஒளிவிளக்கு நுண்காட்டியில் பார்த்தபடி, புண்ணின் ஓரத்தை வைத்தியர் மெல்லச் சுரண்டுவார். அந்தத் துளி முதலில் கண்ணாடித் தகட்டில் போகும், பிறகு கிருமி வளர்க்கும் ஏகார் தட்டில். தட்டில் கோடு கோடாக இழுக்காமல் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவில் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். அந்த வளைவின் மேல் முளைத்தால் அது கண்ணிலிருந்து வந்த கிருமி. வளைவுக்கு வெளியே முளைத்தால் காற்றில் வந்து விழுந்தது. எவ்வளவு எளிமையான யோசனை! அடுத்த நாள் தட்டைத் திறக்கும்போது பச்சை படர்ந்து, முந்திரிகைப் பழம் (திராட்சை) போல இனிப்பான ஒரு மணம் வந்தால், அது சூடோமோனாஸ் என்று பரிசோதிக்க முன்னமே தெரிந்துவிடும். பங்கசு (பூஞ்சை) என்றால் பொறுக்க வேண்டும், சிலவேளை ஒரு வாரம்கூட. பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டு நுண்காட்டியில் பார்த்தால் கிளை விட்ட இழைகள் அன்றைக்கே தெரியக்கூடும். அதனால் கண்ணாடித் தகட்டை எங்கள் ஆய்வுகூடத்தில் யாரும் அலட்சியமாக வைப்பதில்லை.

அப்படி ஒருநாள் நின்றபோது, பல வாரமாக மருந்து விட்டுப் புண் ஆறிய ஒரு ஐயா என்னைப் பிடித்துக் கேட்டார். “கிருமி செத்திட்டுது எண்டு டொக்டர் சொல்லிட்டார் பிள்ளை. அப்ப ஏன் எனக்கு இன்னும் புகை மாதிரித் தெரியுது?”

“கிருமி இருந்த இடத்தில தழும்பு நிக்குது ஐயா.”

“தழும்பு வராமல் செத்துப்போற மாதிரி மருந்து இல்லையோ?”

“அதைத்தான் ஐயா தேடுறம்” என்று சொன்னேன். அப்போது என் ஆய்வு முன்மொழிவில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. கிருமியை எவ்வளவு குறைக்கிறோம் என்பது மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு மேற்பார்வையாளரிடம் பேசி, ஆறும் வேகத்தையும் அளப்பது என்று மாற்றி எழுதினோம். இன்றைக்கு நான் செய்வதில் பாதிக்கு மேல் அந்த ஐயாவின் கேள்விக்கான வேலை.

ஏனென்றால் கிருமியைக் கொல்கிற பல மருந்துகள் ஆறுவதையும் மந்தமாக்குகின்றன. சொட்டு மருந்துக் குப்பி பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட்டு விழிவெண்படலத்தின் மேல் தோலுக்கு நல்லதல்ல. கடுமையான புண்ணுக்கு வீரியம் கூட்டிக் கொடுக்கும் ஜென்டாமைசினும் அப்படித்தான். சிப்ரோபுளோக்சசின் சிலரின் புண்ணின் மேல் வெள்ளைப் படிவாகப் படியும். கண்ணைக் காப்பாற்ற இவை வேண்டியவை, வைத்தியர் சொன்னால் விடத்தான் வேண்டும். ஆனால் மேல் தோல் மூடத் தாமதமாகிற ஒவ்வொரு நாளும் கீழே இருக்கும் கலங்கள் தழும்பு போடும் கலங்களாக மாறுகின்றன. மேல் தோலும் அதன் அடித்தளச் சவ்வும் சீக்கிரம் மீண்டால், தழும்பைத் தூண்டுகிற சமிக்ஞைகள் கீழே இறங்குவது தடைப்படும்.

சொட்டு மருந்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலீற்றர் வரை வரும். கண் தாங்கக்கூடியது ஏறத்தாழ 30. மிச்சம் கன்னத்தில் வழியும், மூக்குக்குள் இறங்கும். நூற்றில் ஐந்து பங்குகூடக் கண்ணுக்குள் போவதில்லை. அதனால்தான் கடுமையான புண்ணுக்கு முதல் இரண்டு நாள் இரவு பகலாக மணிக்கு ஒருமுறை விடச் சொல்கிறார்கள். வயதான ஒருவர் தனியாக இருக்கிற வீட்டில் நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் யார் எழும்பி விடுவது? பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும். இது எங்கள் ஊரின் உண்மை. கண்ணின் மேலேயே இருந்து, காயத்தை மூடி, கிருமியையும் தடுக்கிற ஒரு மெல்லிய வில்லை இருந்தால் என்ற எண்ணம் இங்கேதான் வருகிறது.

மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே, தண்ணீரை உறிஞ்சி மெதுவாகும் ஒரு பிளாஸ்டிக்கை 1950களில் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து உருவாக்கியிருந்தார். அதிலிருந்து லென்ஸ் செய்யும் வேலையை மேலிடம் கைவிட்டபோது அவர் விடவில்லை. 1961 கிறிஸ்மஸ் நேரம், பிராக் நகரில் தன் வீட்டில், மகனின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியின் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழல் இயந்திரம் செய்து, அதில் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். நான் ஆய்வுகூடத்தில் வார்க்கிற வில்லைகளும் அதே பொருள்தான். வில்லை அச்சிலிருந்து கழன்று வரும்போது கண்ணாடித் துண்டு மாதிரி விறைப்பாக இருக்கும். உப்புக் கரைசலில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வளைந்து கொடுக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அதில் ஒரு சந்தோஷம்.

ஆனால் லென்ஸே கண்ணுக்குக் கிருமியைக் கொண்டுவரக்கூடியது. இதை யாழ்ப்பாணத்தில் லென்ஸ் போடத் தொடங்கியிருக்கிற இளம் பிள்ளைகள், குறிப்பாகக் கல்யாண வீட்டுக்கு நிற லென்ஸ் போடுபவர்கள், கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1989இல் வெளிவந்த ஆய்வின்படி, பகலில் மட்டும் மென்மையான லென்ஸ் போடுபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ 4 பேருக்குப் புண் வந்தது. இரவும் அதோடே படுப்பவர்களில் ஏறத்தாழ 21 பேருக்கு. ஒட்சிசன் போகாததுதான் காரணம் என்று நம்பி, காற்றை நன்றாக விடுகிற சிலிக்கோன் ஐதரோஜெல் லென்ஸ்களை 1999இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்கு அது இதமாக இருந்தது, ஆனால் தொற்று குறையவில்லை. 2006இல் சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா என்று பல இடங்களில் லென்ஸ் போடுபவர்களுக்குப் பியூசேரியம் என்ற பங்கசால் புண் வந்தது. லென்ஸ் கழுவும் ஒரு திரவத்தோடு அது தொடர்புபட்டிருந்ததால் அந்தத் திரவத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். லென்ஸையோ அதன் பெட்டியையோ கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் ஒருபோதும் கழுவ வேண்டாம். அகந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிரி தண்ணீரில் இருக்கும். அது கண்ணில் பிடித்தால் வைத்தியம் மாதக்கணக்கில் நீளும்.

அதனால் கிருமி ஒட்டினால் சாகும்படி லென்ஸின் மேற்பரப்பையே மாற்றலாம் என்று பலர் முயன்றிருக்கிறார்கள். வெள்ளியை முயன்றார்கள். வெள்ளி சேர்த்த லென்ஸ் பெட்டிகள் கடைக்கே வந்தன. ஆனால் வெள்ளியின் செறிவு கூடினால் அது கண்ணின் கலங்களையும் தாக்கும். என் மனதுக்கு நெருக்கமான வழி பெப்டைட்டு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. எங்கள் கண்ணீரிலேயே அந்த வகைக் காவல் இருக்கிறது. அலெக்சாண்டர் பிளெமிங், பெனிசிலினுக்குச் சில ஆண்டுகள் முன்னமே, கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதி பற்றீரியாவைக் கரைக்கிறது என்று 1922இல் எழுதினார். எங்கள் உடலே செய்கிற எல்எல்-37 என்ற பெப்டைட்டு ஒருபுறம் கிருமியைக் கொல்கிறது, மறுபுறம் விழிவெண்படலக் கலங்களை நகரவும் தூண்டுகிறது. இரண்டு வேலையையும் ஒன்றே செய்கிறது என்று முதன்முதல் வாசித்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் வில்கொக்ஸ் குழு பல ஆண்டுகளாக இந்தப் பாதையில் போகிறது. தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டின், சல்மன் மீனின் விந்தில் உள்ள புரோட்டமைன் ஆகிய இரண்டின் பகுதிகளையும் இணைத்து 29 அமினோ அமிலங்கள் கொண்ட மெலிமைனைச் செய்தார்கள். அதை லென்ஸின் மேற்பரப்போடு இரசாயனப் பிணைப்பில் கட்டிவிட்டார்கள். அது கரைந்து போகாது. பற்றீரியாவின் சவ்வு எதிர் ஏற்றம் உள்ளது, பெப்டைட்டு நேர் ஏற்றம் உள்ளது, தொட்டதும் சவ்வு குலையும். மருந்துக்கு மசியாத பற்றீரியா, பங்கசு, அகந்தமீபா எல்லாவற்றிலும் ஆய்வுகூடத்தில் இதன் விளைவைக் காட்டினார்கள். மனிதர்களுக்கு ஒரு நாள் போட்டுப் பார்த்தபோது பெரிய தீங்கு இல்லை. ஆனால் விழிவெண்படலத்தில் சாயம் பிடிக்கும் புள்ளிகள் சாதாரண லென்ஸைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. அதாவது மேல் தோல் லேசாக உரசுப்பட்டிருந்தது. பிறகு அதைச் சுருக்கி, 17 அமினோ அமிலங்கள் கொண்ட மெல்4 என்று செய்தார்கள். ஹைதராபாத்திலுள்ள எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் நடந்த சோதனையில், இரவிலும் சேர்த்துப் போட்டபோது, மெல்4 பூசிய லென்ஸ் உள்ள கண்களில் அழற்சி குறைவாக வந்தது. அந்த முதல் லென்ஸின் சாயப் புள்ளிகளைப் பற்றிய பத்தியை நான் பல தடவை திரும்ப வாசித்திருக்கிறேன். ஏனென்றால் ஐயாவின் கேள்வி அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

என் வேலை மிகச் சிறியது. வார்த்த வில்லைகளில் பெப்டைட்டைக் கட்டி, முதலில் சூடோமோனாஸோடும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற இன்னொரு பற்றீரியாவோடும் வைத்து, உயிரோடு எஞ்சியவற்றை எண்ணுகிறேன். இது இங்கே, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடக்கும். கலங்களோடு செய்யும் பகுதிக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன், அந்த வசதி அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் கிடைத்திருக்கிறது. மனித விழிவெண்படலக் கலங்களை ஒரு விரிப்பாக வளர்த்து, குழாயின் நுனியால் நடுவில் ஒரு கோடு கீறி, அதன் மேல் வில்லையை வைத்து, அந்த இடைவெளி மூடுவதை மணிக்கணக்கில் படம் எடுப்பது. படங்களை வரிசையாக ஓடவிட்டால் இரண்டு கரையிலிருந்தும் கலங்கள் கிளம்பி வருவது தெரியும்.

எல்லோரும் சுத்தமான வில்லையைத்தான் கலங்களின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் உண்மையான கண்ணில் அந்த வில்லை சுத்தமாக இருக்காது. அது தன் வேலையைச் செய்திருந்தால் அதன் மேல் முழுக்கச் செத்த பற்றீரியா ஒட்டியிருக்கும். சூடோமோனாஸின் வெளிச் சவ்வில் உள்ள லிப்போபொலிசக்கரைட்டு, கிருமி செத்த பிறகும் அழற்சியைத் தூண்டக்கூடியது. ஆகவே நான் கிருமியைக் கொன்று முடித்த வில்லையைக் கழுவி, அதையே காயத்தின் மேல் வைக்கிறேன். இதுவரை பார்த்ததில், புது வில்லையின் கீழ் மூடுவதைவிட இந்த வில்லையின் கீழ் இடைவெளி மெதுவாகத்தான் மூடுகிறது. இதை முடிவு என்று சொல்லும் அளவுக்குத் தரவு இன்னும் சேரவில்லை. ஆனால் இது உண்மையானால், செத்த கிருமி ஒட்டி நிற்காமல் வழுக்கிப் போகவும் வேண்டும். மேற்பரப்புக்கு இரண்டு குணம் தேவைப்படும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அப்போது நான் ஆய்வு உதவியாளர். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. சேமித்து வைத்திருந்த கிருமி மாதிரிகளை ஐஸ் பெட்டியில் போட்டு, மின்சாரம் இருக்கிற இடம் தேடித் தேடிக் கொண்டுபோனோம். சிலவற்றை இழந்தோம். அவை எங்கள் ஊர் மனிதர்களின் கண்களிலிருந்து வந்தவை, வெளிநாட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை.

இன்னுமொன்று. பற்றீரியாவை மட்டும் தடுக்கும் லென்ஸ் எங்களுக்குப் போதுமா என்று என் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. தென்னிந்தியாவில் இந்தப் புண்களில் பெரும் பங்கு பங்கசால் வருபவை. எங்கள் காலநிலையும் பயிர்களும் அதைவிட வேறா? பியூசேரியம் புண்ணுக்கு நட்டமைசின் சொட்டு வொரிகொனசோல் என்ற இன்னொரு பங்கசு மருந்தைவிடச் சிறந்தது என்று மதுரை அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த சோதனை 2013இல் காட்டியது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நட்டமைசினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நட்டமைசின் ஆழமாக ஊடுருவாது. அது உள்ளே போவதற்காக வைத்தியர்கள் புண்ணின் மேல் தோலைச் சுரண்டி எடுப்பதும் உண்டு. அதாவது பங்கசு உள்ளே இறங்கிய பிறகு, மேல் தோல் மூடுவதே தடையாகிவிடும். என் வில்லை அந்தக் கட்டத்துக்கு உரியதல்ல, கீறல் பட்ட முதல் நாளுக்கு உரியது. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கீறல் பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் குளோரம்பெனிக்கோலோடு பங்கசு மருந்தும் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் குளோரம்பெனிக்கோல் மட்டும். இரண்டு பகுதியினரும் ஒரேயளவு நன்றாக இருந்தார்கள். என் ஊகம் என்னவென்றால், மேல் தோல் நேரத்தோடு மூடிவிட்டால் பங்கசுக்கும் உள்ளே போக வழியில்லை.

இப்போது காயத்தின் மேல் போடும் கட்டு லென்ஸ்கள் இருக்கின்றன, வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் வைக்கோல், ஓலை, மண் பட்ட கீறலுக்கு அதைப் போடத் தயங்குவார்கள், உள்ளே கிருமியை வைத்து மூடியதாகிவிடும் என்பதால். எங்கள் விவசாயிகளுக்கு வருவதெல்லாம் அந்தக் கீறல்தான். அவர்களுக்குப் போடக்கூடிய ஒரு கட்டு லென்ஸ் வேண்டும், மருதங்கேணியிலோ நெடுந்தீவிலோ இருக்கும் தாதி ஒருவர் போட்டுவிடும் அளவுக்கு எளிதாக, மலிவாக. நெடுந்தீவிலிருந்து படகு பிடித்துக் குறிகாட்டுவான் வந்து, பஸ் எடுத்து யாழ்ப்பாணம் வருவதற்குள் அந்த 18 மணி நேரத்தில் எவ்வளவு போய்விடும் என்று கணக்குப் பார்த்தாலே புரியும்.

லென்ஸ் வரும்வரை செய்யக்கூடியவை இருக்கின்றன. கண்ணில் பட்டால் அன்றைக்கே வாருங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விடவேண்டாம். என் அம்மம்மா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவார், பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்தால் தாய்ப்பாலும் விடச் சொல்வார். அன்போடு செய்ததுதான். ஆனால் தோல் உரிந்த விழிவெண்படலத்தில் பூச்சாறும் பாலும் கிருமிக்கு உணவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிவப்புக் குறைக்கும் சொட்டுகளில் அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்டு இருக்கலாம். அதை விட்டால் சிவப்பும் வலியும் குறையும், கண் சுகமாகிறது என்று தோன்றும், அந்த நேரத்தில் பங்கசு கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஏதாவது விட்டிருந்தால் அந்தக் குப்பியையும் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். வெல்டிங் செய்பவர்கள், சூடடிக்கும் இயந்திரத்தோடு நிற்பவர்கள், ஓலை வெட்டுபவர்கள் சாதாரண பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று போட்டாலே எவ்வளவோ மிச்சம்.

அடுத்து எனக்குத் தேவைப்படுவது, வில்லையின் மேல் இமை வந்து போவது போல உரசிக் கொடுக்கும் ஒரு கருவி. செத்த கிருமி சிமிட்டலில் எவ்வளவு கழன்று போகிறது, எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று அளப்பதற்கு. வெளிநாட்டில் வாங்க எங்கள் ஆய்வுப் பணம் போதாது. ஆனைக்கோட்டையில் வேலைத்தளம் வைத்திருக்கும் ஒரு அண்ணாவிடம் படம் கீறிக் காட்டினேன். கார் வைப்பர் மோட்டார் ஒன்றை வைத்துச் செய்யலாம் என்கிறார். நிமிடத்துக்கு 12 தடவை, அழுத்தம் மிக மெதுவாக இருக்க வேண்டும், உப்புக் கரைசலில் துருப்பிடிக்கக் கூடாது என்று சொன்னேன். “துருப்பிடிக்காத இரும்பிலையே செய்து தாறன் தங்கச்சி, பொங்கலுக்குப் பிறகு வாரும்” என்றார்.